ஓரகத்தியின் கோபம்

பிரெஞ்சு இந்தியாவின் எல்லையில் சுங்கச் சோதனைக்காக ரயில் நின்றது. வில்லியனூரில் ஏறிய இரண்டு ஓரகத்திகள் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் சட்டென்று சொன்னாள்:

"உன் கோவத்தப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்குடி."

"இன்னாக்கா சொல்ற?"

"வூட்டுக்குத் தூரமாவறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நீ சட்டிய ஒடைக்கிற. உன் புருஷன் சிரிச்சிக்கினே வேற சட்டி வாங்கியாறாரு. எனக்கும் அந்த மாதிரி மாசாமாசம் ரெண்டு நாளு நெஞ்சு எரியுது. ஒருவாட்டி சத்தம் போட்டதுக்கு, பேய் புடிச்சிருக்குன்னு என் புருஷன் பூசாரியக் கூட்டியாந்தாரு. அதுலேர்ந்து கரும்புக் கொல்லைக்குள்ள போயி அழுதுட்டு வரேன்."

இளையவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்தவாட்டி என்னையும் கூப்புடுக்கா. நானும் வரேன்."

மூத்தவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீ வராத. அந்தக் கொல்லையாச்சும் எனக்குன்னு இருக்கட்டும்."