ஒருவரும் இல்லை என்று எழுதுங்கள்

இம்மாலைக்கு மாண்பு சேர்க்கும் தலைவர் அருள்நாயகம் அண்ணை அவர்களே, அருகே அமர்ந்திருக்கும் ஆன்றோரே, குளிரோடு மல்லுக்கட்டி இந்த மோர்னிங்சைட் மண்டபம் வந்து சேர்ந்த தாய்மாரே, அஜக்ஸ் நகரிலிருந்து பனித்தெருவில் ஊர்ந்து வந்து கதவடியில் நிற்கும் உறவுகளே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

மேடை எனக்குப் புதிது. கைக்குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நிற்கிறேன். அவள் அழுதால் பேச்சை நிறுத்திவிடுவேன். சந்தோஷப்படாதீர்கள், இப்போதுதான் பால் குடித்தாள்.

போன ஞாயிறு இதே மண்டபத்தில் நடந்ததைச் சொல்ல வந்தேன். அந்த அதிர்ச்சி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

றெஜினாவை அறிவீர்கள். தேவாலயப் பூசையில் இரண்டாம் வரிசை வாங்கில் மகளோடு இருப்பவர். பெயரைக் கேட்டு மன்னாரோ என்று விசாரித்தவர்களும் இங்கே உண்டு. மன்னார் அல்ல, பசிபிக் கடல் நடுவே கிரிபாட்டி என்னும் நாடு. தென்னைமர உயரம்கூட இல்லாத தீவு. கடல் வந்தது, கிணறு உப்பானது. கடல் வந்தது, கிழங்கு நட்ட குழி அழுகியது. கடல் வந்தது, தகப்பனின் கல்லறையைக் காணவில்லை. வீடு நின்ற இடத்தில் இன்று வள்ளம் ஓடுகிறது.

அவருடைய அகதி மனு தள்ளுபடி. இம்மாதம் இருபத்தெட்டாம் திகதி தாயும் மகளும் கனடாவை விட்டுப் போகவேண்டும். கடைசி வழி மனிதாபிமான மனு. எழுத உட்கார்ந்தார் விநாயகமூர்த்தி அங்கிள். நம்மில் பாதிப்பேரின் கேஸ் அவர் எழுதியதுதானே? ஊரில் இராணுவம் விரட்டிய கதைகளை எழுதிய பழைய பழக்கத்தில் என்னிடம் கேட்டார்:

"பிள்ளை, உவவைக் கேள். ஆர் கலைச்சது? ஆமியோ, வேற ஆக்களோ?"

"அங்கிள், உவவின்ரை நாட்டில ஆமியே இல்லை."

"ஆமியில்லாம நான் என்னெண்டு கேஸ் எழுதுறது?"

எல்லோரும் சிரித்தோம். யார் விரட்டியது என்ற கேள்வியை நான் றெஜினாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் யன்னலைப் பார்த்தார். வெளியே நம் கார்கள் நான்கு, புகை கக்கியபடி நின்றன. தேநீர் குடித்துக்கொண்டே றிமோட்டை அமத்தி அவற்றை இயக்கியிருந்தோம்.

"அவற்றுக்குள் யார்?" என்றார்.

"ஒருவரும் இல்லை. நாங்கள் போகும்போது சூடாக இருக்கும்."

தலையாட்டினார். கோபமே இல்லை. "அப்படியானால் அதையே எழுதச் சொல்லுங்கள். ஒருவரும் இல்லை."

அங்கிளின் பேனை நின்றது. அந்த நான்கில் ஒன்று என்னுடையது. என் பிள்ளைக்குக் குளிரக்கூடாதென்று போட்டது.

கடலை ஏறவைத்த எண்ணெயை எடுத்தது எவர்? எரித்தது எவர்? எரித்துச் செழித்த நாடுகள் எவை? அவர்கள், அவர்கள் என்று விரல் நீட்டினோமே, அகதியாய் வந்த நாம் எப்போது பணக்கார நாடானோம்? ஒருவரும் நமக்கு அறிவிக்கவில்லையே?

மனுவோடு போகும் கடிதம் இதோ. "இவருடைய தீவுக்கு நேர்ந்ததில் கீழே கையெழுத்திடும் எங்களுக்கும் பங்குண்டு, இவரை வைத்திருப்பது எங்கள் கடமை" என்று எழுதியிருக்கிறோம்.

என்ன அண்ணை? ஒப்புக்கொண்டால் எங்களுக்குக் கேஸ் வருமோ என்று கேட்கிறீர்களா? வராது. வரும் காலம் வரட்டும்.

றெஜினா ஏன் வரவில்லை என்கிறீர்களா, அன்ரி? முதியோர் இல்லத்தில் வேலை. இங்கிருக்கும் சிலரின் தாய்மாரை இந்நேரம் கட்டிலில் புரட்டிப் படுக்கவைப்பது அவர்தான். இருபத்தொன்பதாம் திகதி யார் புரட்டுவார்?

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. பேனை மேசையில் இருக்கிறது. முதற் கையெழுத்தை நான் வைக்கிறேன். வணக்கம்.