சோதனைக் குழாயில் இரண்டு அடுக்கு

ஆய்வுக் கட்டுரையில் என் பெயரை முதலில் போடுங்கள் என்று நெடுமாறன் சாரிடம் கேட்டேன். கைடிடம் அதை மட்டும் கேட்டுவிடாதே என்று சீனியர் ஹலீமா அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டேன்.

"பேரு என்னம்மா பேரு? உங்க வீட்ல இதைப் படிக்கவா போறாங்க?" என்று சிரித்தார்.

படிக்க மாட்டார்கள்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நாற்று நடுகிறவர்கள்.

எனக்குக் கோபமில்லை. விசாரணைக் குழு கேட்பதால் சொல்கிறேன்.

டைகுளோரோமீத்தேனில் இரண்டு குளோரின் இருக்கும். ஒன்றை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் புரோமினை உட்காரவைத்தால் புரோமோகுளோரோமீத்தேன். நான் குடுவையில் செய்ததை சார் கட்டுரையில் செய்தார். என்னை எழுப்பிவிட்டுத் தன் அக்கா மகன் ராம்கியை உட்காரவைத்தார். ராம்கி லேபுக்கு வந்ததே ஏசிக்காக.

அது நிறமில்லாத திரவம், இனிப்பு வாசனை. தண்ணீரைப்போல இரண்டு மடங்கு கனம். தண்ணீரில் விட்டால் அடியில் போய்த் தனி அடுக்காக நிற்கும். லேபைப் பார்வையிட வந்த பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுக்கு இதைத்தான் சார் செய்துகாட்ட இருந்தார். அன்று காலை, வாசலில் குழுவுக்குத் தெளிக்க வாங்கிவைத்த பன்னீரை சாரின் பழுப்பு பாட்டிலில் நிரப்பினேன். பன்னீர்ச் செம்பில் நான் ஊற்றியது குழாய்த் தண்ணீர்தான், பயப்படாதீர்கள். பாட்டிலில் இருந்த என் மாதக்கணக்கான உழைப்பு மொத்தத்தையும் அதற்கு முன்பே கழிவு கேனில் ஊற்றியிருந்தேன்.

சார் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"அடடா, கல்யாண வீட்டு வாசனை" என்றார் குழுவில் ஒருவர்.

"அதுதாங்க இதோட குணமே" என்றார் சார். சோதனைக் குழாயில் இருந்த தண்ணீரில் விட்டார். கலந்துவிட்டது. "அடியில நல்லா பாருங்க, ரெண்டு அடுக்கு."

எல்லோரும் குனிந்தார்கள். "தெரியுது, தெரியுது." ராம்கி படம் பிடித்தான்.

குற்றம் அப்போதுதான் நடந்தது. "சார், அது பன்னீர்" என்றேன்.

பாட்டிலை மாற்றியதைப் பற்றி நீங்கள் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்ததைத்தான் கேட்கிறீர்கள். இப்போது ஒரு தாளையும் நீட்டுகிறீர்கள். பாட்டிலில் இருந்தது புரோமோகுளோரோமீத்தேன்தான், களைப்பில் உளறிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டால், கட்டுரையில் என் பெயர் முதலில் வருமாம். சாரும் தலையாட்டுகிறார்.

"போடும்மா, நல்லதுக்குத்தான சொல்றோம்" என்கிறார்.

"ராம்கி பேரே இருக்கட்டும் சார். பன்னீருக்கு அதுதான் பொருத்தம்."

ஆமாம், மாற்றியது நான். தெரிந்தேதான் மாற்றினேன். காலையிலேயே ஹாஸ்டல் அறையைக் காலி செய்துவிட்டேன். திருத்துறைப்பூண்டி பஸ்ஸுக்கு நேரமாகிறது, வருகிறேன்.

கதவு கொஞ்சம் சத்தமாகச் சாத்திக்கொள்ளும். கோபமென்று எழுதிக்கொள்ளாதீர்கள், காற்று. ஜன்னலெல்லாம் மூடித்தான் இருக்கிறது. இருந்தாலும் காற்றுதான்.