கேவியட்டுக்குச் சொந்த ஊர் ரோமாபுரி

யோகலட்சுமி: முதல்ல தலையத் துவட்டுங்கண்ணே. அருவியில நின்னுட்டு வந்து இப்படிச் சொட்டச் சொட்டப் பேசுனா சளி புடிக்கும். கேவியட்டு எங்கன ஓடிரப் போகுது?

காந்திமதிநாதன்: முப்பது வருசம் தென்காசி கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்தவன்ட்ட கேவியட்டுன்னா என்னன்னு கேட்டுட்டு, துவட்டச் சொல்லுதியே! ஏட்டி, அது லத்தீன். 'உஷாரா இருக்கட்டும்'னு அர்த்தம்.

யோகலட்சுமி: யாரு?

காந்திமதிநாதன்: எவனா இருந்தாலும்! ரோமாபுரி ராசாவே அந்த வார்த்தயக் கேட்டா கிரீடத்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிடுவாரு.

யோகலட்சுமி: நீங்க பக்கத்துல நின்னு பாத்திய...

காந்திமதிநாதன்: கிட்டத்தட்ட.

யோகலட்சுமி: சரி, நம்ம கோர்ட்டுல அதுக்கு என்ன வேல?

காந்திமதிநாதன்: ஒருத்தன் ஒனக்குத் தெரியாம ஒம்மேல தடை வாங்கப் போறான்னு வையி. நீ முந்திக்கிட்டு, 'என்னையக் கேக்காம உத்தரவு போடாதிய'ன்னு கோர்ட்டுல மனு குடுத்து வைக்கது. அம்புட்டுதான்.

யோகலட்சுமி: புரியல. உதாரணம் சொல்லுங்க.

காந்திமதிநாதன்: இந்தா, நம்ம வடகரைத் தோப்பு. அய்யா நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவா விட்டுட்டுப் போனது. ஒம் பங்க நீ விக்கப் போற...

யோகலட்சுமி: மக படிப்புக்குண்ணே. வேற வழி?

காந்திமதிநாதன்: ...திங்கக்கிழம நான் போயி, விக்கக் கூடாதுன்னு தடை வாங்கிட்டேன்னு வையி. சும்மா உதாரணத்துக்கு! தோப்புல உள்ள தென்னம்பிள்ளைக்கெல்லாம் சேதி தெரிஞ்சிரும், ஒனக்குத் தெரியாது.

யோகலட்சுமி: உதாரணம் கிழமையோட வருதே...

காந்திமதிநாதன்: தெளிவாச் சொல்லணும்லா.

யோகலட்சுமி: வாங்க மாட்டியள்லா?

காந்திமதிநாதன்: நானா? கூடப் பொறந்தவன்ட்ட கேக்க கேள்வியாட்டி இது?

யோகலட்சுமி: ...சரி. நான் கேவியட்டு போட்டிருந்தா?

காந்திமதிநாதன்: சோலி முடிஞ்சுது! ஜட்ஜு பேனாவ மூடிட்டு, 'அந்தம்மாவக் கூப்பிடு'ம்பாரு. எதிர்வக்கீலு கோட்டு தானா நனைஞ்சு போகும். அதான், எதிராளிக்கு நோட்டீசு போய்ச் சேருத வரைக்கும் போடுதவங்க வெளிய மூச்சு விட மாட்டாங்க... ஆமா, நீ ஏன்ட்டி இம்புட்டு கேக்க?

யோகலட்சுமி: அர்த்தம் எனக்கும் தெரியும்ணே. ஒங்க தடை மனு தயாரா இருக்கதும் தெரியும். வெள்ளிக்கிழமையே கேவியட்டு போட்டாச்சு. இன்னைக்குக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டு வந்தது, ஒங்க வாயால உண்மைய ஒரு வார்த்த சொல்லிருவிய, கோர்ட்டு இல்லாமலே பேசி முடிச்சுக்கிடலாம்னு நெனச்சுத்தான்.