சண்டைப் பாடம்

இல்லைப் பிள்ளை, பெரிய நேர்சைக் கூப்பிட வேண்டாம். இரும். ஊசி ஒருதரம் பிழைச்சா என்ன, எனக்கு ஒரேயொரு நரம்போ இருக்கு? இந்தாரும் மற்றக் கை. விரலிலை கொஞ்சம் விபூதி ஒட்டியிருக்கு, அதைப் பாத்து முழிக்காதையும். துடைச்சுப் போட்டன் எண்டுதான் நினைச்சன். நீர் உம்மடை மருந்தாலை இன்னொருக்காத் துடையும்.

ஓம், தமிழ்தான். உம்மடை சட்டையிலை பேர் குத்தியிருக்கே, கம்சனா எண்டு. வேறை ஆர் அப்பிடிப் பேர் வைக்கப் போகினம்? கதிரையிலை இருந்தவுடனை வாசிச்சிட்டன். நீர் ஜேர்மனிலை வணக்கம் சொன்னபடியா நானும் ஜேர்மனிலை சொன்னன். நான் சொன்னது உமக்கு விளங்கியிராது. எனக்கே விளங்கிறேல்லை.

அந்த நேர்ஸ் கெட்டிக்காரிதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அவவோடை எனக்குக் கதைக்க ஏலாது. கதைக்காமல் இருந்தா எனக்குப் பயம் வந்திடும். எனக்குப் பயம் வந்தா நரம்பு உள்ளுக்குப் போயிடும். பிறகு டொக்டர் வந்தாலும் எடுக்க ஏலாது. இந்த இரத்தம் மத்தியானத்துக்கு முன்னம் லாபுக்குப் போகவேணுமாம். இது சரியெண்டு வந்தாத்தான் மிச்சமெல்லாம். அதாலை நீர் ஆறுதலா எடும். ஆனா எடும்.

எந்த வருசம்? ரெண்டாம் வருசமோ. லாப் வேலைக்குத்தானே படிக்கிறீர்? எப்பிடித் தெரியுமெண்டால், கையைப் பாத்தாத் தெரியுது. உது மைக்கிறஸ்கோப்புக்குப் பழகின கை, ஆக்களுக்கு இன்னும் பழகேல்லை. கோவிக்காதையும். என்ரை மகள் தேனுஜாவும் உதே அவுஸ்பில்டுங் படிப்புத்தான் செய்தவள். பள்ளிக்கூடத்திலை முதல் றப்பர் கையிலை பழக்கினவை. றப்பர் கை கத்தாதுதானே. பிறகு ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொன்ன நாள், மற்றப் பிள்ளையள் எல்லாம் சிநேகிதரோடை வந்திச்சினம், நான் சீலையோடை போய் இருந்தன். அவள் குத்த முன்னமே கத்திப்போட்டன். ரீச்சர் ஓடி வந்து பாத்தா, ஊசி இன்னும் கடதாசிக்குள்ளை இருக்கு.

இறுக்கிக் கட்டும், பரவாயில்லை. காலமை புட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டனான், தண்ணியும் குடிச்சனான். வெள்ளிக்கிழமை புட்டும் முட்டையுமோ எண்டு கேக்காதையும். தேனுஜா சத்தியம் வாங்கிப் போட்டாள். அம்மா, நாளைக்கு நீங்கள் விரதம் கிரதம் எண்டு வெறும் வயித்தோடை போனீங்களெண்டா நான் உங்களோடை கதைக்க மாட்டன் எண்டவள். அவளுக்கு என்ரை விரதத்திலை கோவம். கந்தசஷ்டி பிடிச்சுக்கொண்டு அவளுக்குச் சோதனைக்குச் சலம், மூத்திரம்தான், குடுத்திட்டன். அவள் பாவம், கீற்றோனோ என்னவோ, பட்டினி கிடந்தா வாறதாம், அது எக்கச்சக்கமா ஏறி நிக்குதெண்டு பயந்து, வகுப்பிலை நிண்டே ரெலிபோன் எடுத்து, அம்மா உங்களுக்குத் தலை சுத்துதோ, வாந்தி வருதோ எண்டு அழுறாள். நான் இஞ்சை முருகன்ரை படத்துக்கு முன்னாலை இருந்து, அவள் சோதனை பாஸ் பண்ண வேணுமெண்டு பாடிக்கொண்டிருக்கிறன். சோதனையைக் குழப்பினது ஆரெண்டு பாத்தால் நான்தான்.

சிரிக்கிறீர். சிரியும். சிரிச்சா உமக்கும் பயம் போயிடும்.

முதல்லை எனக்கு அவள் என்ன படிக்கிறாளெண்டே விளங்கேல்லை. நான் எட்டாம் வகுப்போடை நிண்டனான். அவள் குசினி மேசையிலை கொப்பியைப் பரப்பி வைச்சுச் சத்தமாப் பாடமாக்குவாள், நான் பக்கத்திலை வெங்காயம் வெட்டுவன். அந்தப் பேரெல்லாம் என்ரை வாய்க்குள்ளை நுழையாது. அதாலை நானே பேர் வைச்சன். கண்ணாடித் தட்டிலை இரத்தத்தை மெல்லிசா இழுத்து, நிறம் போட்டு எண்ணுறதெல்லே, அது எண்ணுற பாடம். தசையைக் கடதாசி மாதிரிச் சீவிச் சீவிப் பாக்கிறது சீவுற பாடம். அது எனக்குப் பிடிக்கும், வெங்காயம் வெட்டுறவளுக்குப் பிடிக்கும்தானே. பிறகு சலப் பாடம், கிருமிப் பாடம். கடைசியிலை ஆரின்ரை இரத்தம் ஆரின்ரை இரத்தத்தோடை சேரும், எது எதோடை அடிபடும் எண்டு ஒரு பாடம். அது சண்டைப் பாடம். அவளும் பிறகு அப்பிடியே சொல்லத் துவங்கிட்டாள். அம்மா, நாளைக்குச் சண்டைப் பாடத்திலை சோதனை எண்டுவாள். எல்லாத்திலையும் அதுதான் கஸ்டம் எண்டு தலையிலை கை வைச்சுக்கொண்டு இருப்பாள்.

கிருமிப் பாடம் என்ரை மானத்தை வாங்கின பாடம். வீட்டிலை ரெண்டு இடத்திலை பஞ்சாலை துடைச்சுக் கொண்டுபோய் வளர்த்துப் பாக்க வேணுமாம். அகர் அகரிலைதான் வளர்க்கிறதாம் கிருமியை. நாங்கள் பிறந்தநாளுக்குக் காய்ச்சிற அதே அகர் அகர்! கக்கூசிலை ஒண்டு, குசினித் துணியிலை ஒண்டு எடுத்தவள். கக்கூசுத் தட்டிலை அங்கையொண்டு இங்கையொண்டுதான். என்ரை குசினித் துணி நல்லூர்த் தேர்த் திருவிழா மாதிரி. அண்டு தொடக்கம் இவர், இவர் எண்டால் தேனுஜாவின்ரை தேப்பன், சாப்பிட வரேக்கை கக்கூசுக்குள்ளை கோப்பையைக் கொண்டுபோய் இருந்து சாப்பிடட்டோ எண்டு கேக்கிறார்.

ஆ... இல்லை, நோகேல்லை. உள்ளுக்குப் போயிட்டுதோ? இன்னும் இல்லையோ. கொஞ்சம் சரிச்சுப் பாரும். அவசரமில்லை.

கேட்டுக்கொண்டு குத்தும், இதைச் சொல்ல வேணும் உமக்கு. வெளியிலை ஆருக்கும் சொல்லிப் போடாதையும். அவள் சலப் பாடத்துக்கு எண்டு மஞ்சள் மூடிப் போத்தல் கொஞ்சம் வீட்டை கொண்டுவந்து வைச்சிருந்தவள். நல்ல மூடி பிள்ளை, ஒரு துளி ஒழுகாது. எனக்கு நல்ல போத்தலைக் கண்டா விடேலாது. ஹம் அம்மன் கோயிலுக்குப் போகேக்கை ஒண்டைக் கைப்பைக்குள்ளை வைச்சுக்கொண்டு போயிட்டன். அபிஷேகத் தீர்த்தம் வாங்கி, இஞ்சை எசனுக்கு றெயினிலை வந்து, துளி சிந்தாமல் பிறிஜ்ஜிலை வைச்சன். பாலும் தேனும் மஞ்சளும் கலந்த தீர்த்தம். அடுத்த நாள் விடிய அவள் கேட்டவள் எண்டு என்ரை சலத்தையும் பிடிச்சு அதே மாதிரிப் போத்தலிலை வைச்சன். பேர் எழுதி ஒட்டச் சொன்னவள்தான். எனக்குக் கண்ணாடி கிடைக்கேல்லை.

ஓம். உமக்கு விளங்கிட்டுது.

அவள் தீர்த்தத்தைத்தான் கொண்டுபோனவள். சீனி பாத்தா உச்சத்திலை நிக்குது. பிறகு மனிசற்றை சலத்திலை கட்டாயம் இருக்க வேண்டிய என்னவோ ஒண்டு இருக்காமே, அது இதிலை துப்புரவா இல்லை. ரீச்சர் கூப்பிட்டு, தேனுஜா, இது மனிசற்றை இல்லை, நீர் எதையோ கலக்கிக்கொண்டு வந்து ஏமாத்துறீர் எண்டு பேசியிருக்கிறா. மனிசற்றை இல்லைத்தானே, அம்மாளாச்சியின்ரை.

நான் வீட்டிலை என்ன செய்தனானோ? அதைக் கேக்காதையும் எண்டு சொல்ல வந்தன், கேட்டிட்டீர். வெள்ளிக்கிழமை. முழுகி, விளக்கு வைச்சு, மற்றப் போத்தலை எடுத்து வீடு முழுக்க மூலை மூலையாத் தெளிச்சன். வாசல், படுக்கையறை, மகன் சுலக்சன் டார்ம்ஸ்டாட்டிலை இருந்து கொண்டுவந்து வைச்ச புதுச் சோபா, ஒண்டும் விடேல்லை. இவர் வேலையாலை வந்து, கலா, என்ன இண்டைக்கு வீடு ஒரு மாதிரி மணக்குது எண்டார். பச்சைக்கற்பூரம் எண்டன். நல்லகாலம் பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி அக்கா அண்டைக்கு வரேல்லை. வந்திருந்தா உள்ளங்கையிலை ஏந்தி வாங்கி... வேண்டாம், நான் சொல்லேல்லை. அந்த அக்காதான் ஊர் முழுக்க என்ரை மகள் டொக்டருக்குப் படிக்கிறாளெண்டு பரப்பினவ. அவவிலை பிழையில்லை. மகள் சலம் படிக்கிறாள் எண்டு சொல்ல வெக்கப்பட்டு, டொக்டர் மாதிரித்தான் எண்டு நான்தான் சொன்னனான்.

பிறகு நான் என்ரை அம்மாளுக்கு முன்னாலை இருந்து அழுது மன்னிப்புக் கேட்டன், பிள்ளை. அழுதுகொண்டிருக்கேக்கை சிரிப்பு வந்திட்டுது. அதுக்கும் மன்னிப்புக் கேட்டன்.

வந்திட்டுதே? பாத்தீரே, சொன்னனான்தானே! எப்பிடி வடிவா ஓடுது. என்ரை இரத்தம் இவ்வளவு கறுப்பே? கதைச்சா ஓடும். அடுத்த குழாயை மாத்தும். குலுக்காதையும், மெதுவாப் பிரட்டும், இல்லாட்டி இரத்த அணு உடைஞ்சிடுமெல்லே. உமக்குச் சொல்லித்தாறனெண்டு நினையாதையும். எல்லாம் வெங்காயம் வெட்டேக்கை காதிலை விழுந்ததுதான்.

தேனுஜாவோ? அண்டைக்கு மாக்ஸ் இல்லையெண்டு வந்திருக்கும். இது அம்மாவின்ரை கோயில் தண்ணியாக்கும் எண்டு அழுதுகொண்டு நிண்டவளிலை ரீச்சருக்கு இரக்கம் வந்து, சரி, புதுப் போத்தல் ஒண்டு எடும், இப்பவே போய் உம்மடையைக் கொண்டுவந்து செய்து காட்டும் எண்டிருக்கிறா. செய்தவள். செய்து பாத்தா, சலத்திலை தோய்க்கிற கடதாசியிலை புரதம் பாக்கிற கட்டம் கடும்பச்சையா மாறிட்டுது. மற்றப் பிள்ளையள் எல்லாம் சிரிச்சவையாம். தேனுஜா, இதுவும் அம்மாவின்ரை கோயில் தண்ணியோ எண்டு. அவளும் சிரிச்சுக்கொண்டு திரும்பச் செய்தவள். திரும்பவும் பச்சை. பிறகு ரீச்சர் தன்ரை கையாலை செய்தவ. அதுக்குப் பிறகு ரீச்சர் சிரிக்கேல்லை.

இல்லை, பாஸ் பண்ணிட்டாள். எல்லாப் பாடமும். கடைசிச் சோதனைக்கு அவளுக்குக் கால் வீங்கிச் சப்பாத்துப் போட ஏலாமல் என்ரை செருப்போடை போனவள். சண்டைப் பாடத்திலைதான் ஆகலும் கூட மாக்ஸ்.

இஞ்சைதான் இருக்கிறாள், மேலை. ஐஞ்சாம் மாடி. எந்த லாபிலை எண்டோ? லாபிலை இல்லைப் பிள்ளை. யன்னல் பக்கத்துக் கட்டிலிலை. கிழமையிலை மூண்டு தரம் மெசினிலை இரத்தம் சுத்திகரிக்கிறது, போன வருசத்திலை இருந்து. இவர் தன்ரை கிட்னியிலை ஒண்டைத் தாறனெண்டு நிண்டவர், சீனி வருத்தக்காரற்றை எடுக்க மாட்டினமாம். சுலக்சனை நான் விடேல்லை, அவன் இனித்தான் வாழப்போற பிள்ளை. எனக்குத்தான் ஒரு வருத்தமும் இல்லை. ரெண்டு கிட்னியும் புதுசு மாதிரி இருக்கெண்டு டொக்டர் படத்திலை காட்டினவர். குசினித் துணிதான் ஊத்தை, ஆள் துப்புரவு. திங்கட்கிழமை ஒண்டை எடுத்து அவளுக்கு வைக்கிறதெண்டு இருக்கினம்.

ஐயோ, நீர் ஏன் பிள்ளை இப்ப பஞ்சைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறீர்? எடுத்து முடிஞ்சுதுதானே. பஞ்சைத் தாரும், நானே அமத்திப் பிடிக்கிறன்.

போனமுறை பாத்ததிலை சேருதெண்டுதான் சொன்னவை. இண்டைக்குக் கடைசியா இதையும் அவளின்ரையையும் ஒண்டாக் கலந்து பாப்பினமாம். அடிபடாமல் இருந்தாத்தான் திங்கட்கிழமை. நான் என்னத்தைச் சொல்ல? அவள் பேச்சுக் கதைக்கத் துவங்கின நாள் தொடக்கம் எனக்கும் அவளுக்கும் சண்டைதான். விரதத்துக்குச் சண்டை, குசினித் துணிக்குச் சண்டை, நேற்றுப் பின்னேரமும் மேலை கட்டிலுக்குப் பக்கத்திலை நிண்டு முட்டைப் பொரியலுக்குச் சண்டை. குழாய்க்குள்ளை மட்டும் சண்டை பிடியாதை தாயே எண்டு காலமை புட்டைத் திண்டுகொண்டே கும்பிட்டனான். சாப்பிட்டுக்கொண்டு கும்பிட்டது இதுதான் முதல்தரம்.

சரி, நீர் கொண்டு போம். ஓடாதையும், நடந்து போம். லேபிளை வடிவாப் பாத்து ஒட்டும் பிள்ளை, ரெண்டிலையும் இவற்றை பேர், புவனேந்திரன் எண்டுதான் கிடக்கும். கலாதேவி நான், தேனுஜா அவள். நான் ஒருக்காப் போத்தல் மாத்தினது காணும்.