நெடுங்கண்டத்து வீட்டுப் பேர்

— இது என்ன, சொல்லுங்க.

— வா... ழை... மீதி ஓடிப்போச்சு, ஜானு.

— வாழைக்காய்ங்க! தினம் திங்கிறீங்களே!

— திங்கிறேன். எழுதி எங்கடி பார்த்தேன்? வேற காட்டு.

— இது?

— தாழத்துவீடு.

— இது?

— வள்ளிக்கண்டி. அதுக்கு எதிர்வீடு புதியபுரையில். முப்பத்தொரு வருஷமா நான் தபால் கொடுத்த வீடுங்கடி, கண்ணை மூடிட்டே சொல்வேன்.

— டாக்டர் சொன்னது அப்படியே இருக்கு. பக்கவாதம் வந்தப்புறம், அடிக்கடி பார்த்த பேர் மட்டும்தான் உங்க கண்ணுக்குப் பிடிபடுது. ஆனா நாளைக்குக் கண்ணூர்ல, வேலைக்கு ஆவீங்களான்னு சோதிக்கிறவங்க வீட்டுப் பேரா காட்டுவாங்க?

— பத்திரிகையை நீட்டுவாங்க. நான் பேந்தப் பேந்த முழிப்பேன். தபால் பையைப் பிடுங்கிக்குவாங்க. பை போச்சுன்னா நான் செத்தேன்டி!

— வாயைக் கழுவுங்க. இன்னும் ஒரு பகல் இருக்கு. நீங்க பார்க்காத பேரா எழுதறேன், எழுத்துக்கூட்டிப் படிங்க. இந்தாங்க.

— கிழக்கேப்பரம்பில், நெடுங்கண்டம். அடுத்தது?

— அதையே இன்னொரு தடவை படிங்க.

— என்னடி, தப்பா?

— தப்பில்லை. ஒரு எழுத்துகூடத் தடுக்கலை.

— பார்த்தியா! தேறிட்டேன்! குருவாயூரப்பா!

— கொஞ்சம் இருங்க. நெடுங்கண்டம் எங்கேயோ மலைமேல கிடக்கு. நீங்க அந்தப் பக்கம் போனதே இல்லை. நேத்து பால் சொசைட்டில நம்ம மக ஷிம்னாவோட சிநேகிதி எனக்கு எழுதிக் கொடுத்த விலாசம் இது.

— ஜானு, அது வந்து...

— அவ ஓடிப்போய்க் கட்டிக்கிட்ட அந்த ஜோஸோட குடியிருக்கிற வீடு. எட்டு வருஷமா ஒரு வரி எழுதலை, நம்மளைத் தலைமுழுகிட்டான்னு சொன்னது யாரு? அதை நம்பி, பெத்த வயித்தாலே அவளைச் சபிச்சேனே, பாவி! இந்தப் பேர் உங்க கண்ணுக்கு எப்படிப் பழகிச்சு?

— மறந்துடு, ஜானு. உன் காலைப் பிடிக்கிறேன்.

— கடுதாசி போட்டிருக்கா. இந்த ஊருக்குத் தபால்காரர் நீங்கதானே! எங்கே அதெல்லாம்? கிழிச்சீங்களா, எரிச்சீங்களா?

— சேச்சே! அடுத்தவங்க தபாலைக் கிழிக்கிறவனா நான்? அது உன் பேருக்கு வந்தது.

— அப்போ எங்கே?

— மாசாமாசம் வரும். 'ஜானு வாங்க மறுத்துட்டா'ன்னு மேலே எழுதி, அவளுக்கே திருப்பி அனுப்பிட்டேன்.