சுவரில் ஆறு பைப்

லோயிஸ்: கதவத் திறக்காதீங்க. மேஸ்திரி பொண்டாட்டி இன்னும் கேட்டாண்டதான் நின்னுக்கினு இருக்கா.

இன்பசேகரன்: வெங்கடம்மாவா? காலைலருந்தா?

லோயிஸ்: ஏழு மணிலருந்து. காப்பி குடுத்தேன், வாங்கல. "எங்க வூட்டுக்காரரு அப்படி வேலை செய்றவரு இல்லக்கா"ன்னு அதையே திருப்பித் திருப்பி...

இன்பசேகரன்: அவ புருஷன் கட்டின சுவரு நம்ம அபி மேல விழுந்திருக்கு, லோயி. வேற இன்னா சொல்லுவா?

லோயிஸ்: அவ புருஷன் சிட்டிபாபுவ உள்ள வெச்சி மூணு நாளாச்சு. நாளைக்கு ஸ்டேஷன்ல இன்னா எழுதிக் குடுக்கப் போறீங்க?

இன்பசேகரன்: நடந்ததத்தான். பின்பக்கச் சரிவுல தோட்டத்துக்கு மண்ணு நிரப்பி மூணு படியா சுவரு கட்டினான். நடுப்படிச் சுவர்ல மழைத்தண்ணி வெளிய போக வழி வெக்கல. மண்ணு ஊறி, சுவரு சாஞ்சி...

லோயிஸ்: வழி வெக்கல?

இன்பசேகரன்: வெக்கல.

லோயிஸ்: அபி நோட்டுல வரைஞ்சி வெச்சிருக்கா பாருங்க. மேல தக்காளி, நடுவுல மல்லி, கீழ்ப்படில ஊஞ்சல். "நைனா உக்காரக் கூடாது, அறுந்துடும்"னு எழுதியிருக்கா.

இன்பசேகரன்: மூடு அத.

லோயிஸ்: நடுச்சுவர்ல ஆறு வட்டம். ஒவ்வொண்ணுலயும் "பைப்"னு...

இன்பசேகரன்: வரைஞ்சா ஆச்சா? கட்டறவன் வெக்கணும்ல.

லோயிஸ்: அப்போ இது இன்னா?

இன்பசேகரன்: ...எங்க எடுத்த?

லோயிஸ்: கல்லுங்கள வாரும்போது. பைப்புத் துண்டு. வாயில சிமெண்ட் அடைச்சிருக்கு.

இன்பசேகரன்: அவனே அடைச்சிருப்பான். அவசரத்துல...

லோயிஸ்: வெள்ளை சிமெண்ட்டுங்க. மேஸ்திரி வெள்ளை சிமெண்ட்டே கேக்கல. மீதி பாக்கெட்டு நம்ம மாடிப்படிக்கு அடில கீது.

இன்பசேகரன்: மெதுவா பேசு. வாசல்ல ஆளிருக்கு.

லோயிஸ்: மெதுவாத்தான் பேசறேன்.

இன்பசேகரன்: ...கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிச்சோம்ல. மறுநாளே மழை. பைப்பு வாயிலருந்து செம்மண்ணு ஒழுகி, சுவரு பூரா கோடு கோடா... சனிக்கிழமை கிறிஸ்துமஸ் பாட்டு பாட வர்ற கேரல் ரவுண்ட்ஸ் நம்ம வீட்ல. சபையே பின்னாடி வந்து உக்காரும். பாஸ்டரம்மா ஏற்கெனவே, "தோட்டம் தோட்டம்னீங்களே, எங்க?"ன்னு...

லோயிஸ்: அதுக்கு?

இன்பசேகரன்: ஸ்டாரு கட்டின பக்கம் மட்டும்தான். மூணே மூணு. பண்டிகை முடிஞ்சதும் தட்டி எடுத்துடலாம்னு.

லோயிஸ்: மழை விட்டதும் அபி ஊஞ்சலத் தொடைக்கப் போனா. திருப்பதி ஆஸ்பத்திரின்னு கிளம்பி, சந்திரகிரி தாண்டல, உசுரு போயிடுச்சு...

இன்பசேகரன்: எனக்கே புரியல லோயி. "ஒண்ணு ரெண்டு அடைச்சாலும் மத்தது இழுத்துக்கும் சார், அதுக்குத்தான் ஆறு"ன்னு மேஸ்திரி சொன்னான். வேப்பமரத்துப் பக்கம் மூணு நான் தொடவே இல்ல. அதுங்க திறந்துதான் இருந்துச்சு. அப்புறம் எப்படி...

லோயிஸ்: எழுந்திருங்க. வெங்கடம்மாவையும் கூட்டிக்கினு இப்பவே ஸ்டேஷனுக்குப் போலாம்.

இன்பசேகரன்: நீ எதுக்கு? அடைச்சவன் நான். நான் போறேன். சின்னவன் ஜெர்ரிக்கு நீயாச்சும் வேணும்.

லோயிஸ்: எருமண்ணு பூரா வேப்பமரத்துப் பக்கம் கரைஞ்சி போவுதும்மான்னு அபி அழுதா. அவளோட பழைய யூனிஃபார்மக் கிழிச்சி அந்த மூணுலயும் நான்தான் திணிச்சேன்... உங்க பக்கம் மூணு திறந்துதானே கீதுன்னு.