சம்பூர்ணம் அக்காவின் நாக்கு

எனக்கு ஒயின் அவ்வளவாகப் பிடிக்காது, போதகர் ஐயா. கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் போடுகிறார்களே என்று நானும் ஒரு ஜாடி போடுவேன்.

சம்பூர்ணம் அக்கா இந்த வருஷம் ஏன் ஒயின் போடவில்லை என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். தெரியும்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் ஆறு வீட்டில் திராட்சை ஒயின் போடுகிறோம். டிசம்பர் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் வீட்டுக் கூடத்தில் ருசி பார்ப்போம். யாருடையது என்று தெரிந்தால் முகத்துக்காகப் பேசுவார்கள் என்பதால் எல்லாம் ஒரே மாதிரி பாட்டில். கழுத்தில் தறியில் மிஞ்சிய பட்டு நூல், வீட்டுக்கு ஒரு நிறம். கட்டுவது நான். எந்த நிறம் யாருக்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். குடித்தவர்கள் சீட்டில் குறை நிறை எழுதுவார்கள். நான் படித்துவிட்டு உரியவரிடம் கொடுப்பேன். நல்ல பெயர் வாங்கிய ஒயின் சபை விருந்துக்குப் போகும். ஒன்பது வருஷம் போனது அக்காவுடையதுதான். புருஷன் இறந்தபின் நாலு பேர் அவரைத் தேடி வந்தது அந்த ஒரு விஷயத்துக்காக.

என் பாட்டில் எதுவென்று மட்டும் அவருக்கு ஒரு சொட்டிலேயே தெரிந்துவிடும்.

"லில்லி, இது ஒயினா, ரோஸ்மில்க்காமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதில் எனக்கு வருத்தமே கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன் நடந்தது உண்மையிலேயே தவறு. அக்காவுக்கு அரக்கு நூல், ஷேர் ஆட்டோ ஓட்டும் தனசேகரனுக்கு மெரூன். மழை, கரண்ட் இல்லை. மாற்றிக் கட்டிவிட்டேன். அக்காவுக்கு வரவேண்டிய பாராட்டு தனசேகரனுக்குப் போனது. அவனுக்கு வரவேண்டிய சீட்டு அக்கா கைக்குப் போனது: 'கிராம்பு ஓவர். பல்வலிக்குத் தடவலாம்.'

"நாலு கிராம்புதானே போட்டேன்," என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல்.

"நம்ம கையில இவ்ளோ மேட்டர் இருக்குதாபா," என்றான் தனசேகரன்.

விருந்துக்கு அவன் வீட்டு ஜாடி ஒயின்தான் வந்தது. நீங்களே இரண்டு மிடறில் டம்ளரைக் கீழே வைத்தீர்கள். ஜாடியில் கெட்டுப்போயிருக்கும் என்று எல்லோரும் சமாதானமானார்கள்.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவை அவ்வளவு அடக்கமாக நான் பார்த்ததே இல்லை. அடக்கம் நல்ல குணம்தானே.

அடுத்த வருஷம் கரண்ட் இருந்தது. அப்படியும் மாற்றித்தான் கட்டினேன். அக்கா கிராம்பை அறவே விட்டிருந்தார். அப்போதும் அவருடையதுதான் அருமை. 'புளிக்குது, சர்க்கரை போதல' என்ற தனசேகரன் சீட்டுகளை அவரிடம் கொடுத்தேன். போன வருஷம் அவர் சர்க்கரையைக் கொட்டிப் பாகாக்கிக் கொண்டுவந்தார். அந்த முறை நூலை மாற்ற வேண்டியிருக்கவில்லை. நேர்மையாகவே கட்டினேன், அதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அக்கா டாக்டரிடம் நாக்கைக் காட்டினார். ஒன்றுமில்லை என்றாராம்.

"அவருக்கு இன்னா தெரியும்? என் நாக்கு செத்துப்பூச்சு, லில்லி," என்று தன் ஜாடியை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது அவர் தன் சமையலையும் நம்புவதில்லை. தினமும் ஒரு கிண்ணத்தோடு வருகிறார். "உப்பு பாத்து சொல்லுமா." கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் இன்று காலை காத்திருந்தேன். மீன் குழம்பு கொண்டுவந்தார். உப்பு, புளி, காரம், எல்லாம் அத்தனை கச்சிதம். சரியாக இருக்கிறது என்றால் நாளைக்கு வரமாட்டார், பாவம், தனியாக உட்கார்ந்திருப்பார். அதனால், இன்னும் ஒரு கல் உப்பு வேண்டும் அக்கா என்றேன்.